எடை நின்றுவிட்டது, பேன்ட் தளர்கிறது: எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 38, உயரம் 162 செ.மீ. நான்கு மாதத்துக்கு முன்பு 81 கிலோ இருந்தீர்கள். சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, மூன்று மாதத்தில் 76.5 கிலோவுக்கு வந்தீர்கள். கடைசி நான்கு வாரமாக எடை அங்கேயே நிற்கிறது. அதே நான்கு வாரத்தில்தான் எடைப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் 36 சதவீதம் கொழுப்பு காட்டிய வீட்டு ஸ்மார்ட் எடைப் பொறி இப்போது 37 என்கிறது. ஜிம்மில் இருக்கும் கருவி 33 என்கிறது. ஆனால் பேன்ட் தளர்ந்திருக்கிறது, ஸ்குவாட்டுக்கு (உட்கார்ந்து எழும் பயிற்சி) பிடிக்கும் டம்பெல் 8 கிலோவிலிருந்து 14 ஆகியிருக்கிறது. "கொழுப்பு கரைகிறதா, தசை கரைகிறதா, இல்லை ஒன்றுமே நடக்கவில்லையா?" என்று கேட்கிறீர்கள்.

பேன்ட்டையும் டம்பெல்லையும் நம்புங்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் இரண்டு கருவிகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எடையையும் நம்பலாம், ஆனால் இப்போது பார்ப்பது போல வாரம் ஒரு தடவை, ஜிம்மிலிருந்து வந்தவுடன் பார்க்கும் எடையை அல்ல. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை எண் ஏறும்போது பயம் வராது.

எடை குறைக்கும் ஒருவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. எவ்வளவு போனது? எது போனது? எடைப் பொறியால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும். கொழுப்பு, தசை, எலும்பு, ரத்தம், குடலில் இருக்கும் நேற்றைய சாப்பாடு, உடம்பில் தேங்கியிருக்கும் நீர் எல்லாவற்றையும் கூட்டி அது ஒரே எண்ணாகக் காட்டுகிறது. இதில் கொழுப்பு மெதுவாக மாறும். நீரோ ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். மெதுவாக மாறுவதைத் தேடிப் போய், வேகமாக மாறுவதைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. தேவையைவிட நாளுக்கு 400 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 28 நாளில் 11,200 கலோரி. அதாவது 1.45 கிலோ கொழுப்பு. (எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறையும் என்பதால் இந்தக் கணக்கை ஒரு வருடத்துக்கு நீட்டக் கூடாது. ஒரு மாதத்துக்குச் சரி.) இப்போது அந்த 1.45 கிலோவை மறைக்க எவ்வளவு நீர் தேவை? அதே ஒன்றரை கிலோ போதும். புதிதாக எடைப் பயிற்சி தொடங்கிய ஒருவரின் உடம்பில் அந்த அளவு நீர் சேர்வது அதிசயமே இல்லை. பழக்கமில்லாத பயிற்சியால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும், அதைச் சரிசெய்யும் வேலையில் அங்கே நீர் கோக்கும். அந்தத் தசை வலிதான் உங்களுக்கு முதல் இரண்டு வாரம் இருந்திருக்கும். அதோடு, பயிற்சி பெறும் தசை கிளைகோஜனைக் கூடுதலாகச் சேமித்து வைக்கும். கிளைகோஜன் என்பது உடம்பு கையிருப்பாக வைத்திருக்கும் மாவுச்சத்து. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் என்ற அளவில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் பலருக்கும் சட்டென்று இரண்டு கிலோ குறைவது இந்தக் கையிருப்பு இறங்குவதால்தான். உங்கள் முதல் 4.5 கிலோவிலும் ஒரு பங்கு இதுவாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழகிப்போன ஆறுதல் வார்த்தையைத் திருத்த வேண்டும். எடை நின்றால் "தசை ஏறுகிறது, கொழுப்பு இறங்குகிறது, அதனால்தான் நிற்கிறது" என்று ஜிம்மில் சொல்வார்கள். மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நான்கு வாரத்தில் ஒன்றரை கிலோ தசை ஏறாது. நன்றாகப் பயிற்சி செய்தாலும் சில நூறு கிராம் ஏறினால் பெரிய விஷயம். நான்கு வாரத் தேக்கத்தை விளக்க நீரே போதும். 14 கிலோ டம்பெல் வந்ததைக்கூட உடனே தசை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, இருக்கிற தசையைச் சரியாக வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. இருந்தாலும் அது நல்ல சேதிதான். தசையை இழந்துகொண்டிருக்கும் உடம்பு இப்படிப் படிப்படியாகக் கூடுதல் எடையைத் தூக்காது.

நீர் எந்த அளவுக்கு மறைக்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் குழுவினர், தாமாக முன்வந்த 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்வதற்கான ஆய்வு அது. அவர்கள் எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அந்த நிலையிலும் பலருக்குக் கணுக்காலிலும் முகத்திலும் நீர் கோத்து வீங்கியது. கரைந்துபோன திசுவின் ஒரு பகுதியை அந்த நீர் தராசிலிருந்து மறைத்தது. எலும்பும் தோலுமாக ஆன மனிதர்களிடமே இது நடந்தது என்றால், ஒரு மாதம் எடை நிற்பது எதையும் நிரூபிக்காது.

பெண்களுக்கு இதன்மேல் இன்னொரு அலையும் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் தொடங்கும் நாட்களிலும் உடம்பில் நீர் தேங்கும். சிலருக்கு அரை கிலோ, சிலருக்கு ஒன்றரை கிலோவும் அதற்கு மேலும். நீங்கள் சொல்லும் நான்கு வாரம் ஏறக்குறைய ஒரே ஒரு சுழற்சி. அதனால் போன வார எடையோடு இந்த வார எடையை ஒப்பிடுவதைவிட, போன சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம். சுழற்சி தொடங்கி எட்டாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான சராசரி, அடுத்த சுழற்சியில் அதே நாட்களின் சராசரி. இதை ஒரு தடவை செய்து பார்த்தவர்கள் பிறகு மாற்றிக்கொள்வதே இல்லை.

எடையைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாதிரி மெல்லிய உடையில். எடைப் பொறி கம்பளத்தின் மேல் இருக்கக் கூடாது, கெட்டியான சமதரையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தினமும் பார்த்துக் குறித்துவிட்டு, அந்த எண்ணைப் பற்றி யோசிக்காமல் நகர்ந்துவிட வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு முறை சராசரி எடுங்கள், அதுதான் உங்கள் எடை. வாரம் ஒரே நாள் பார்ப்பவருக்கு அந்த ஒரு நாள் நீர் ஏறிய நாளாக அமைந்துவிட்டால் வாரம் முழுவதும் கெட்டுப்போகும். முந்தைய இரவு உப்பு அதிகமாகச் சாப்பிட்டிருக்கலாம், இரண்டு நாள் மலச்சிக்கல் இருந்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். ஜிம்மில் பலர் எடுக்கும் துணைச்சத்தான கிரியேட்டினை எடுக்க ஆரம்பித்திருந்தால் அதுவே ஒரு கிலோ நீரை ஏற்றும்.

அடுத்தது அந்தக் கொழுப்புச் சதவீதம். அதுதான் உங்களை அதிகம் கலங்கடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வீட்டு ஸ்மார்ட் எடைப் பொறி கொழுப்பை அளப்பதே இல்லை. ஒரு காலிலிருந்து மற்ற காலுக்கு மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. நீர் உள்ள திசு மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு கடத்தாது. அந்தத் தடையோடு உங்கள் உயரம், எடை, வயது, பாலினம் எல்லாவற்றையும் ஒரு சமன்பாட்டில் போட்டு உடம்பின் நீர் எவ்வளவு என்று ஊகிக்கிறது. கொழுப்பல்லாத உடம்பில் சராசரியாக 73 சதவீதம் நீர் என்பது பொதுக் கணக்கு. நீரிலிருந்து கொழுப்பல்லாத எடை, அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு. ஆக, கடைசியில் திரையில் வருவது ஊகத்தின்மேல் கட்டிய ஊகம். மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய்த் திரும்புவதால், வயிற்றைப் பற்றி அதற்குச் சரியாகத் தெரியவும் தெரியாது.

இந்தக் கணக்கு எங்கே சறுக்கும் என்று பாருங்கள். வியர்வையில் ஒரு லிட்டர் நீர் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எடை ஒரு கிலோ குறையும். ஆனால் கருவியின் தர்க்கப்படி ஒரு லிட்டர் நீர் குறைந்தால் கொழுப்பல்லாத எடை 1.37 கிலோ குறைந்திருக்க வேண்டும். எடையோ ஒரு கிலோதான் குறைந்தது. மிச்ச 0.37 கிலோவை அது கொழுப்பின் தலையில் எழுதிவிடும். நீங்கள் வியர்த்தீர்கள், அது கொழுப்பு ஏறிவிட்டது என்கிறது! இன்னொரு பக்கம், உடற்பயிற்சியால் தோல் சூடாகி ரத்த ஓட்டம் கூடினால் தடை குறைந்து, எண் எதிர்த்திசையிலும் போகும். ஜிம்மிலிருந்து வந்தவுடன் ஏறி நின்றால் எந்தப் பக்கம் சறுக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் கருவி சொல்வதைக் கிலோவாக மாற்றிப் பாருங்கள், இது நல்ல சோதனை. 81 கிலோவில் 36 சதவீதம் என்றால் 29.2 கிலோ கொழுப்பு, 51.8 கிலோ மற்றவை. 76.5 கிலோவில் 37 சதவீதம் என்றால் 28.3 கிலோ கொழுப்பு, 48.2 கிலோ மற்றவை. அதாவது நீங்கள் இழந்த 4.5 கிலோவில் கொழுப்பு ஒரு கிலோகூட இல்லை, மூன்றரை கிலோவுக்கு மேல் தசையும் நீரும்தான் என்கிறது உங்கள் கருவி. வெறும் டயட்டில் எடை குறைப்பவர்களுக்கே, போகும் எடையில் பொதுவாக நான்கில் ஒரு பங்குதான் கொழுப்பல்லாததாக இருக்கும். உங்களுக்கு ஐந்தில் நான்கு பங்கு என்றால், பேன்ட் தளர்ந்திருக்காது, படி ஏறவே சிரமப்பட்டிருப்பீர்கள். ஜிம் கருவி சொல்லும் 33-ஐ எடுத்தால் கொழுப்பு 25.2 கிலோ. இரண்டு கருவிகளுக்கும் இடையில் மூன்று கிலோ வித்தியாசம். நீங்கள் மூன்று மாதம் பாடுபட்டுக் குறைத்ததில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்படியானால் எந்தக் கருவிதான் சரி என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கும் மனிதரின் கொழுப்பை நேராக அளக்கும் கருவி எதுவுமே கிடையாது. எல்லாம் வேறு எதையோ அளந்து கொழுப்பைக் கணக்கிடுபவைதான். நீருக்குள் மூழ்கவைத்து எடை பார்க்கும் முறை உடம்பின் அடர்த்தியை அளக்கிறது. கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றவற்றின் அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொண்டு சதவீதம் சொல்லும் சமன்பாட்டை சிரி என்பவர் 1961இல் கொடுத்தார். இந்த வழியை முன்னெடுத்தவர் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே. 1942இல் அவர் தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை இப்படி அளந்தார். உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் பெரும்பாலோர் அதிக எடைக்காரர்கள், படைக்குத் தகுதியில்லாதவர்கள். அடர்த்தியை அளந்தபோதோ அவர்கள் உடம்பில் கொழுப்பு குறைவு, தசைதான் அதிகம் என்று தெரிந்தது. "எவ்வளவு" என்பதும் "எது" என்பதும் வேறுவேறு கேள்விகள் என்று அன்றே காட்டிவிட்டார்.

டெக்ஸா ஸ்கேன் எலும்பின் அடர்த்தியைப் பார்க்க உருவானது. இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ்ரே கதிர்களை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரிக்கும். கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. வசதி இருந்தால் செய்யலாம், தவறில்லை. ஆனால் அதிலும் "தசை" என்று வரும் எண்ணில் நீரும் கிளைகோஜனும் உள்ளுறுப்புகளும் சேர்ந்தே இருக்கும். மாதாமாதம் எடுப்பது வீண். நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை, அதே இடத்தில், அதே கருவியில், இரண்டு முறையும் காலையில் வெறும் வயிற்றில் என்றால் பயனுண்டு. தோலைக் கிள்ளிப் பிடித்து அளக்கும் காலிப்பர் நல்ல கருவி, பழகிய ஒரே கை அளந்தால் மட்டும். அதிலும் சதவீதமாக மாற்றாமல் மில்லிமீட்டர் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது மேல்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி சாதாரண தையல் நாடா. வெகுகாலமாக எடை குறைக்க வருபவர்களோடு வேலை செய்கிறேன். ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எடைப் பொறியை விட்டுவிட்டு நாடாவைத்தான் எடுப்பேன். நோய்களோடு அதிகம் தொடர்புடையது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு. இடுப்புச் சுற்றளவு அதைத்தான் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் பேன்ட் தளர்ந்தது என்று மட்டும் சொல்கிறீர்கள், எண் இல்லை. நாளைக் காலையே அளந்துவிடுங்கள்.

அளக்கும் விதம்: விலா எலும்பின் கடைசி முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடா சுற்ற வேண்டும். தரைக்கு இணையாக, தோலை ஒட்டி, அழுத்தாமல். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது எண்ணைப் பாருங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். சிலர் தொப்புளை ஒட்டி அளப்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் ஒரு முறை எங்கே அளந்தீர்களோ கடைசி வரை அங்கேயே அளக்க வேண்டும். வாரம் ஒரு முறை போதும். தொடையிலும் மேற்கையிலும் மாதம் ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளலாம். எல்லைக்கோடு வேண்டுமென்றால் எளிய கணக்கு உண்டு: இடுப்பு, உயரத்தில் பாதிக்கு உள்ளே இருக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2022இல் இதையே பரிந்துரைத்தது. உங்கள் உயரத்துக்கு அது 81 செ.மீ. அங்கே போய்ச் சேர ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை, போகும் திசைதான் முக்கியம்.

இனி பலம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தேன். பத்து வாரத்தில் 11 கிலோ குறைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அவரும் எடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தபோது 60 கிலோ பார்பெல்லோடு ஸ்குவாட் செய்தவர் கடைசியில் 40 கிலோவுக்கே திணறினார். சாப்பாட்டை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தார், புரதம் மிகக் குறைவு. அடுத்த எட்டு மாதத்தில் எடை திரும்பி வந்தது, போன தசை அந்த அளவுக்கு வரவில்லை. தூக்கும் எடையை நோட்டில் எழுதி வைத்திருந்தால் நான்காவது வாரத்திலேயே தெரிந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதனால்தான் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பலத்தை அளக்கும்போது ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். புஷ்-அப், புல்-அப் போல உங்கள் உடம்பையே தூக்கும் பயிற்சிகள் எடை குறையக் குறையத் தானாகவே எளிதாகும். எண்ணிக்கை கூடினால் பலம் கூடியது என்று அர்த்தமில்லை, தூக்க வேண்டிய சுமை குறைந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால்தான் கவனிக்க வேண்டும். ஆகவே வெளி எடையைத் தூக்கும் மூன்று நான்கு பயிற்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஸ்குவாட், கீழிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தள்ளுவது, உடம்பை நோக்கி இழுப்பது. எத்தனை கிலோ, எத்தனை முறை என்று எழுதுங்கள். வெவ்வேறு நாளை ஒப்பிட ஒரு எளிய சமன்பாடு இருக்கிறது: எத்தனை முறை தூக்கினீர்களோ அதை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, தூக்கிய எடையால் பெருக்குங்கள். 30 கிலோவை 8 முறை தூக்கினால் 38. அதே 30 கிலோவை 12 முறை தூக்கினால் 42. ஒரே தடவை தூக்கக்கூடிய உச்ச எடையின் மதிப்பீடு இது. யாரும் உச்ச எடையை நிஜமாகத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் போனால் கணக்கு பிசகும்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்ற முடியுமா என்றால், முடியும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் தேவையைவிட 40 சதவீதம் குறைந்த உணவு, வாரத்தில் ஆறு நாள் கடும் பயிற்சி, நான்கு வாரம். ஒரு குழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், இன்னொரு குழுவுக்கு 2.4 கிராம். அதிகப் புரதக் குழு சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத எடையில் 1.2 கிலோ கூடியது. மற்றக் குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்தது, கொழுப்பல்லாத எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அவர்கள் இளம் ஆண்கள், கடுமையான மேற்பார்வையில் இருந்தவர்கள். அந்த எண்களை நீங்கள் அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். எடைப் பயிற்சியும் போதுமான புரதமும் சேர்ந்தால் தசை நிற்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இதயமும் மூச்சும் எவ்வளவு தேறியிருக்கின்றன என்று பார்க்க வீட்டில் ஒரு படிக்கட்டு போதும். 30 செ.மீ. உயரப் படி, மூன்று நிமிடம், நிமிடத்துக்கு 24 தடவை ஏறி இறங்க வேண்டும். தாளத்துக்கு மெட்ரோனோம் செயலியை 96-இல் வையுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால். முடித்தவுடன் உட்கார்ந்து ஒரு நிமிடம் முழுவதும் நாடியை எண்ணுங்கள். மாதம் ஒரு முறை செய்தால் அந்த எண் இறங்கிக்கொண்டே வரும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். முழங்கால் வலி இருந்தால் இது வேண்டாம். வழக்கமாக நடக்கும் பாதையில் 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் நடக்கிறீர்கள், முடிக்கும்போது நாடி எவ்வளவு என்று குறித்தால் போதும். காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடி எண்ணுவதும் நல்லது. அது சில நாள் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால் தூக்கமோ ஓய்வோ போதவில்லை, இல்லை உடம்புக்கு முடியாமல் வரப்போகிறது. கைக்கடிகாரம் காட்டும் கலோரியை மட்டும் நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொன்னன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

புகைப்படம் பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் ஒரு முறை, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே தூரம், முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும். தினமும் கண்ணாடியில் பார்க்கும் நமக்கு மாற்றம் தெரியாது, மூன்று மாதப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். யாருக்கும் காட்ட வேண்டாம்.

இவற்றைச் சேர்த்து எப்படிப் படிப்பது? எடையின் வாரச் சராசரி, இடுப்பு, பலம் மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். எடை இறங்கி, இடுப்பு இறங்கி, பலம் நின்றாலோ கூடினாலோ எதையும் மாற்றாதீர்கள். எடை நின்று, இடுப்பு இறங்கி, பலம் கூடினால் கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது, நீர் மறைக்கிறது. நீங்கள் இப்போது இங்கேதான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எடை வேகமாக இறங்கி, பலமும் இறங்கினால் அதுதான் உண்மையான அபாய மணி. பலர் இதைத்தான் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து குறைந்தால், உங்களுக்கு அது 750 கிராமுக்கு மேல், சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், குறிப்பாகப் புரதத்தை. எடையும் இடுப்பும் இரண்டு முழுச் சுழற்சியாக நகரவே இல்லை என்றால், அப்போது மட்டும்தான் எடை நின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் நாளுக்கு 150 அல்லது 200 கலோரி குறைத்தால் போதும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புப் பரிசோதனைகளையும் மறந்துவிடாதீர்கள். மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் ஹெச்பிஏ1சி, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு ஆகியவை எடை நிற்கும்போதும் சீராகிக்கொண்டிருக்கலாம். உடம்பு உள்ளே தேறுகிறதா என்பதற்கு நேரடிச் சாட்சி அவைதான்.

சிலருக்கு இந்த அளவைகளே வேண்டாம் என்பேன். எண் ஏறிய நாளில் சாப்பிடாமல் இருப்பது, அன்று முழுவதும் தன்னையே வெறுப்பது, இதற்கு முன் உணவுக் கோளாறு இருந்தது என்றால் எடைப் பொறியை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டு, பலத்தையும் நடையையும் மட்டும் பாருங்கள், மனநல மருத்துவரிடமும் பேசுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்சாரம் அனுப்பும் எடைப் பொறியில் ஏறவே கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். காலில் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தால் அது டயட் சமாச்சாரமில்லை, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: நாளைக் காலை இடுப்பை அளந்து எழுதுங்கள். தினமும் காலையில் எடையைக் குறியுங்கள், இன்னும் இரண்டு சுழற்சி முடியும் வரை சாப்பாட்டில் ஒரு கலோரிகூடக் குறைக்காதீர்கள். ஸ்குவாட் எடையை மெதுவாக ஏற்றுங்கள். பிறகு அந்த எண்களோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். கொழுப்புச் சதவீதம் கண்ணில் பட்டாலே மனசு அலைபாய்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு: கெட்டியான காலுறை போட்டுக்கொண்டு எடைப் பொறியில் ஏறுங்கள். மின்சாரம் பாயாது, எடை மட்டும் வரும்.